குவேக்கர் 'மினிஸ்டர்' என்றால் யார்? ஜான் வூல்மனை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஓட்ஸ் டப்பாவில் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கும் வெள்ளைமுடித் தாத்தாவைப் பார்த்திருப்பீர்கள். போன மாதம் அண்ணன் மகள் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, "சித்தப்பா, அடிமைங்களையெல்லாம் விடுதலை பண்ணினது இவங்கதானே? ஸ்கூல்ல குவேக்கர்னு சொன்னாங்க" என்று கேட்டாள். அந்த ஓட்ஸ் கம்பெனிக்கும் குவேக்கர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நாணயமானவர்கள் என்று அந்தப் பெயருக்கு அமெரிக்காவில் நல்ல பேர் இருந்தது, 1877-இல் அதை வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அவள் கேள்வியின் மீதிப் பாதி என்னை விடவில்லை. பெரியவர்களும் இதை இப்படித்தானே பேசுகிறோம்!

குவேக்கர்கள் என்றாலே அடிமை முறையை எதிர்த்தவர்கள் என்பது ஒரு பேச்சு. ஜான் வூல்மன் என்ற பாதிரியார் பிரசங்கம் பண்ணி எல்லாரையும் திருத்தினார் என்பது இன்னொரு பேச்சு. முதல் பேச்சில் கிட்டத்தட்ட 90 வருடக் கதை காணாமல் போகிறது. இரண்டாவதில் 'பாதிரியார்' என்ற சொல்லே தப்பு, 'பிரசங்கம்' என்பதும் பாதி தப்பு. பாதிரியாரே இல்லாத, ஓட்டெடுப்பே நடத்தாத ஒரு கூட்டத்தில், எந்தப் பதவியும் இல்லாத வூல்மன் என்ற தையல்காரர் எப்படி ஒரு வழக்கத்தை அசைத்தார் என்று புரிந்துகொள்ள, முதலில் அந்தக் கூட்டம் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

நீ, நீங்கள், தொப்பி

17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, இங்கிலாந்து. உள்நாட்டுப் போர் நடந்து, 1649-இல் மன்னரின் தலையையே வெட்டிவிட்ட காலம். யார் சொல்வதை நம்புவது என்று தெரியாமல் ஊர் ஊராக ஆட்கள் புதுப்புது மதக்கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் ஜார்ஜ் ஃபாக்ஸ். நெசவாளியின் மகன், செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழகியவர். அவர் சொன்னது சின்ன விஷயம்தான்: கடவுள் ஒவ்வொரு மனிதருக்குள்ளும் நேராகப் பேசுகிறார், நடுவில் ஆள் வேண்டாம். உள்ளே இருந்து வழிகாட்டும் அந்த வெளிச்சத்தை 'உள்ளொளி' என்றார்கள்.

தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் நண்பர்கள் சங்கம். 'குவேக்கர்' என்பது கேலிப் பெயர், 'நடுங்குகிறவன்' என்று பொருள். 1650-இல் டார்பி என்ற ஊரில் ஃபாக்ஸ் ஒரு நீதிபதியைப் பார்த்து, கடவுளின் வார்த்தைக்கு முன் நடுங்கு என்று சொல்ல, அவர் திருப்பி இவர்களையே நடுங்கிகள் என்று நக்கல் அடித்தார். அது ஒட்டிக்கொண்டது.

இவர்கள் செய்த ஒரு காரியம் இங்கிலாந்துக்காரர்களைவிடத் தமிழ் பேசுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். அந்தக் கால ஆங்கிலத்தில் நம் 'நீ', 'நீங்கள்' போலவே இரண்டு சொற்கள் உண்டு. பெரிய மனிதர் என்றால் 'நீங்கள்'. குவேக்கர்கள் எல்லாரையும், நீதிபதி, பிரபு யாராக இருந்தாலும், 'நீ' என்றார்கள். தொப்பியையும் கழற்ற மாட்டோம் என்றார்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டு என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொப்பியைக் கழற்று என்பதும் அதேதான். மறுத்ததற்காக அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள்.

இவ்வளவு சமத்துவம் பேசிய இதே ஆட்கள்தான் அப்புறம் அமெரிக்காவுக்குப் போய் அடிமைகளை வாங்கினார்கள். கதையே இங்கேதான்.

சுளுக்கு எடுப்பவரும் மினிஸ்டரும்

பழைய முறைக் குவேக்கர் வழிபாட்டுக்கு வெளியாள் ஒருவர் போய் உட்கார்ந்தால் முதல் அரைமணி நேரம் ஒன்றுமே புரியாது. பீடம் இல்லை, பாட்டு இல்லை, படம் இல்லை. பெஞ்சுகளில் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். உள்ளிருந்து தூண்டுதல் வந்தால் யாரோ ஒருவர், ஆணோ பெண்ணோ, எழுந்து நாலு வார்த்தை பேசிவிட்டு உட்காருவார். சில நாள் யாருமே பேசாமல் கலைந்து போவார்கள்.

அப்படியானால் மினிஸ்டர் யார்? கிராமத்தில் சுளுக்கு எடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பட்டம் கிடையாது, போர்டு கிடையாது, காசும் வாங்க மாட்டார், பகலில் வயல் வேலைதான் பார்ப்பார். ஆனால் அவர் கை ராசி ஊருக்கே தெரியும். குவேக்கர் மினிஸ்டரும் அப்படித்தான். ஒருவர் எழுந்து பேசுகிற பேச்சில் சத்து இருக்கிறது என்று கூட்டம் சில காலம் கவனித்து, அதைக் கூட்டத்தின் குறிப்பேட்டில் எழுதி வைக்கும். அந்தப் பதிவுதான் 'மினிஸ்டர்' என்பதன் மொத்த அர்த்தமும். குருப்பட்டம் இல்லை, சம்பளம் இல்லை. பெண்களும் மினிஸ்டர்களாக இருந்தார்கள், அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம்.

பதிவான மினிஸ்டர் வெளியூர்களுக்குப் போய்ப் பேச நினைத்தால் சொந்த ஊர்க் கூட்டத்திடம் சான்றுக் கடிதம் வாங்க வேண்டும். கடிதத்தோடு குதிரையேறினால் வழியில் உள்ள குவேக்கர் வீடுகளில் சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும். இந்தச் சாப்பாட்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இப்போதைக்கு இவ்வளவு போதும்: அந்தக் காலக் குவேக்கர்களுக்குள் பாதிரியார் கிடையாது, மினிஸ்டர் என்பவர் ஊரார் அடையாளம் கண்ட பேச்சாளர், அவருக்கு யாரையும் கட்டளையிடும் அதிகாரம் துளியும் இல்லை.

கிணற்றில் போட்ட கல்

ஃபாக்ஸ் 1671-இல் பார்படோஸ் தீவுக்குப் போனார். கரும்புத் தோட்டங்கள், ஆப்பிரிக்க அடிமைகள், முதலாளிகளில் குவேக்கர்களும் உண்டு. அடிமைகளை நன்றாக நடத்துங்கள், சில வருடம் உழைத்தபின் விடுங்கள் என்ற அளவுக்குத்தான் அவர் சொன்னார். அடிமை முறையே தப்பு என்று சொல்லவில்லை. பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் ஒரு குவேக்கர், அவரிடமே அடிமைகள் இருந்தார்கள்.

1688-இல் பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஜெர்மன்டவுன் என்ற குடியிருப்பில் நான்கு பேர் ஒரு மனு எழுதினார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகள். தனக்கு ஒருவன் எதைச் செய்யக் கூடாதென்று நினைக்கிறோமோ அதை நாமும் பிறருக்குச் செய்யக் கூடாது, ஆளைத் திருடுவதும் திருடப்பட்ட ஆளை வாங்குவதும் ஒன்றுதான் என்று நேராகக் கேட்டார்கள். மனு குவேக்கர்களின் ஊர் அளவிலான மாதக் கூட்டத்துக்குப் போனது. இது கனமான விஷயம், நாங்கள் முடிவெடுக்க முடியாது என்று அவர்கள் மேலே தள்ளினார்கள். காலாண்டுக் கூட்டம் அதற்கும் மேலே தள்ளியது. ஆண்டுக் கூட்டம் ஓரமாக வைத்துவிட்டது. மேசைக்கு மேசை ஃபைல் நகர்ந்து கடைசியில் பரணுக்குப் போகிற கதை நமக்குப் புதிதா என்ன.

அதற்கு 50 வருடம் கழித்து, 1738-இல், பெஞ்சமின் லே. நாலடி உயரம்தான் இருப்பார், முதுகு கூன். ஆண்டுக் கூட்டத்துக்கு மேலங்கிக்குள் வாளும், உள்ளே குடைந்த ஒரு புத்தகமும் எடுத்துப் போனார். புத்தகத்துக்குள் சிவப்புக் காய்ச்சாறு நிரம்பிய பை. அடிமைகளை வைத்திருப்பவர்களின் ரத்தத்தைக் கடவுள் இப்படித்தான் சிந்த வைப்பார் என்று கத்திவிட்டுப் புத்தகத்தை வாளால் குத்த, சாறு பக்கத்தில் இருந்தவர்கள் மேலெல்லாம் தெறித்தது. அவரைத் தூக்கி வெளியே போட்டார்கள், சங்கத்தை விட்டும் நீக்கினார்கள்.

எனக்கு லேவை ரொம்பப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். வூல்மன் சாதுவாகப் பேசியதால்தான் ஜெயித்தார், லே கத்தியதால் தோற்றார் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 20 வருடமாக ஒருவர் கத்திக் கத்தி யாரும் காதில் விழவில்லை என்று சொல்ல முடியாதபடி ஆக்கி வைத்திருந்த இடத்தில்தான் இன்னொருவரின் மெல்லிய குரல் கேட்டது.

ஓட்டெடுப்பு இல்லாத கூட்டம்

சரி, ஏன் இவ்வளவு இழுத்தது? குவேக்கர் கூட்டங்களுக்கு மூன்று படி உண்டு என்று மேலே பார்த்தோம்: ஊர் அளவில் மாதக் கூட்டம், வட்டார அளவில் காலாண்டுக் கூட்டம், எல்லாரையும் சேர்த்து ஆண்டுக் கூட்டம். எதிலும் ஓட்டெடுப்பு கிடையாது. கை தூக்கச் சொல்லி எண்ணுவது அவர்களுக்கு ஆகாது, ஏனென்றால் கடவுளின் விருப்பம் 51 சதவீதம் இருக்க முடியாதே.

நம் வீட்டில் ஒரு கல்யாணம் முடிவு செய்கிறோம் என்று வையுங்கள். அங்கே யாராவது ஓட்டுப் போடச் சொல்வார்களா? பேசுவோம், காப்பி குடிப்போம், திரும்பப் பேசுவோம். மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் பெரியமாமா "என்னமோ பண்ணுங்க" என்று இறங்கி வந்தால்தான் பாக்கு வெற்றிலை மாற்ற முடியும். அவர் கடைசிவரை இறங்காவிட்டால் தேதி தள்ளிப்போகும். குவேக்கர் கூட்டத்திலும் எழுத்தர் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். பேச்செல்லாம் கேட்டு, கூட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று உணர்ந்து, அதை எழுதி வாசிப்பார். யாரும் மறுக்காவிட்டால் அதுதான் முடிவு. இதற்கு 'கூட்டத்தின் உணர்வு' என்று பெயர்.

இந்த முறையில் ஓர் அழகு இருக்கிறது, ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தில் செல்வாக்கான பெரிய மாமாக்கள் பலர் அடிமை வைத்திருந்த வியாபாரிகள், நிலக்காரர்கள். அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்வரை எதுவும் நகராது. ஆக அடிமை முறையை ஒழிக்க வேண்டுமென்றால் ஒரே வழி, அந்த மாமாக்களை ஒவ்வொருவராக இறங்க வைப்பது. வூல்மன் செய்தது இந்த வேலையைத்தான்.

ஒரு கிரயப் பத்திரம்

ஜான் வூல்மன் 1720 அக்டோபரில் நியூ ஜெர்சியில், ரான்கோகஸ் ஆற்றோரம் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர். 13 பிள்ளைகள் இருந்த வீடு. 21 வயதில் மவுண்ட் ஹோலி என்ற சிற்றூரில் ஒரு கடைக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கடையைப் பார்த்துக்கொள்வது, கணக்கு எழுதுவது, அப்புறம் கையெழுத்து நன்றாக இருந்ததால் ஊராருக்குப் பத்திரம் எழுதித் தருவது.

ஒரு நாள் முதலாளி வந்து, தன்னிடம் இருந்த கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டேன், கிரயப் பத்திரம் எழுது என்றார். வாங்குகிறவர் அங்கேயே காத்திருந்தார். வயதானவர், அவரும் குவேக்கர். வூல்மனுக்கு யோசிக்க நேரமில்லை. வருடச் சம்பளத்துக்கு இருக்கிறோம், முதலாளி சொல்கிறார், வாங்குபவர் நம் கூட்டத்துப் பெரியவர் என்று மனது மூன்று சமாதானம் சொன்னது, எழுதிவிட்டார். எழுதி முடித்துக் கையெழுத்தாகும் நேரத்தில் தாங்க முடியாமல், அடிமை வைத்துக்கொள்வது கிறிஸ்தவ மதத்துக்கு ஒவ்வாதது என்று நினைக்கிறேன் என இரண்டு பேர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். சொன்னதில் கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் என்னால் முடியாது என்று மறுத்திருந்தால் இன்னும் சுத்தமாக இருந்திருக்கும் என்று தன் நாட்குறிப்பில் எழுதுகிறார். அந்தப் பெண்ணின் பெயரை அவர் எழுதவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு குவேக்கர் இளைஞர் இதே மாதிரி ஒரு பத்திரத்தோடு வந்தார். இந்த முறை வூல்மன் மறுத்துவிட்டார், நல்லவிதமாகத்தான். வந்தவர் கோபிக்கவில்லை. எனக்கும் இதில் மனசு முழுசாக ஒப்பவில்லை, ஆனால் என் மனைவிக்குச் சீராக வந்த அடிமை என்றார். ஆக பலருக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. யாராவது ஒருவர் பேச்சை எடுக்கட்டும் என்று காத்திருந்த உறுத்தல்.

ரத்தம் எடுக்கப் போய் உயில் எழுதிய கதை

இதுதான் எனக்கு அவருடைய நாட்குறிப்பிலேயே பிடித்த இடம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்கு உடம்பில் பலமாக அடிபட்டுவிட்டது. அந்தக் கால வைத்தியப்படி ரத்தம் எடுக்க வூல்மனைக் கூப்பிட்டார்கள். எடுத்தார். அடிபட்டவர் பிழைப்போமோ மாட்டோமோ என்ற பயத்தில் உயிலும் எழுதிவிடு என்றார். வூல்மன் குறிப்பு எடுத்துக்கொண்டார்: இந்த நிலம் இவனுக்கு, இந்தச் சாமான் அவளுக்கு, என் அடிமைச் சிறுமி இந்தப் பிள்ளைக்கு.

இந்த இடத்தில் உங்களையோ என்னையோ வைத்துப் பாருங்கள். வலியில் முனகிக்கொண்டிருக்கும் மனிதரிடம் நியாயம் பேசுவதா? பேசாமல் எழுதிக் கொடுத்துவிடுவதா? வூல்மன் இரண்டும் செய்யவில்லை. அடிமைச் சிறுமி பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதி உயிலை முழுசாக எழுதி, கட்டிலுக்குப் பக்கத்தில் போய் வாசித்துக் காட்டினார். அப்புறம் சொன்னார்: சக மனிதரை அடிமையாக்கும் எந்தப் பத்திரத்தையும் என்னால் மன உளைச்சல் இல்லாமல் எழுத முடியாது, இதுவரை எழுதியதற்குக் காசு வேண்டாம், அந்த ஒரு பகுதிக்கு மட்டும் என்னை விட்டுவிடுங்கள். இருவரும் நிறைய நேரம் பேசினார்கள். கடைசியில் அவர் சிறுமியை விடுதலை செய்ய ஒப்புக்கொண்டார். வூல்மன் உயிலை முடித்துக் கொடுத்தார்.

இன்னொரு பெரியவர் விஷயத்தில் இதற்கு வருடக்கணக்கானது. முதலில் வந்தபோது வூல்மன் மறுக்க, வேறு ஆளிடம் எழுதிக்கொண்டார். சில வருடம் கழித்துத் திரும்ப வந்தார், என் மகன் இப்போது திருந்திவிட்டான், அவனிடம் அடிமைகளைக் கொடுத்தால் உனக்கு ஆட்சேபம் இருக்காதே என்றார். திரும்பவும் பேச்சு, திரும்பவும் தள்ளிவைப்பு. சில நாள் கழித்து மூன்றாவது முறை வந்து, எல்லாரையும் விடுவிப்பதாக எழுது என்றார்.

இங்கே கவனிக்க வேண்டியது: திட்டவில்லை, ஊர் முன்னால் அவமானப்படுத்தவில்லை, அதே சமயம் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கவும் இல்லை. தன் கூலியை இழந்து, தன் கையை மட்டும் அந்தக் காரியத்திலிருந்து எடுத்துக்கொண்டார். எதிரில் இருப்பவர் யோசிக்க இடம் விட்டார்.

அவரைப் புனிதராகவே வைத்துவிடாமல் இதையும் சொல்ல வேண்டும். ஒரு முறை வேறொருவரின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பு அவருக்கும் இன்னொருவருக்கும் வந்தது. அப்போது ஒரு கறுப்பினச் சிறுவனை 30 வயதுவரை உழைக்கும்படி விற்று, பணத்தைச் சொத்துக் கணக்கில் சேர்த்தார்கள். வேலைக்கு விடப்பட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகள் 21 வயதில் விடுதலை ஆகிவிடுவார்கள், இவனுக்கு 9 வருடம் கூடுதல். பல வருடம் கழித்து, 1769-இல், கூட்டத்தில் மௌனமாக உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அந்தப் பையன் நினைவு வந்து குடைந்தது. கடைசியில் அந்த 9 வருடத்தில் தன் பங்கான நாலரை வருடத்துக்கு நியாயமான தொகையை, அவனை வாங்கியவருக்குத் தானே கொடுத்து அவனை மீட்பதாகப் பிணைப்பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டார். நாலரை வருடம்! படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. மீதி நாலரை வருடத்தை யார் கொடுப்பார்கள்?

விருந்துக்குக் காசு

வூல்மனை 1743 வாக்கில் மினிஸ்டராகப் பதிவு செய்தார்கள். 1746-இல் ஐசக் ஆண்ட்ரூஸ் என்ற நண்பரோடு குதிரையில் மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா வரை சுமார் 1,500 மைல் சுற்றினார். பிலடெல்பியா பக்கம் வீட்டுக்கு ஓரிரண்டு அடிமைகள் என்றால், தெற்கே வயல் முழுக்க அடிமைகள். தங்கின குவேக்கர் வீடுகளில் நல்ல விருந்து. அந்தச் சோறு யார் உழைப்பில் வந்தது என்பது நெஞ்சில் சிக்கியது. ஊருக்குத் திரும்பி, கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருப்பது பற்றிச் சில சிந்தனைகள் என்று ஒரு கட்டுரை எழுதி வைத்தார். அப்பா சாகும் தறுவாயில் அதை அச்சிடச் சொன்னார். 1754-இல் அச்சானது, அதுவும் ஆண்டுக் கூட்டத்தின் அச்சுக் குழு ஒப்புதலோடு. லேயின் புத்தகத்தை ஒதுக்கித் தள்ளிய அதே சங்கம்.

1757-இல் மறுபடி தெற்கே கிளம்பும்போது சில்லறை வெள்ளிக் காசுகள் எடுத்துக்கொண்டார். ஒரு வீட்டிலிருந்து புறப்படும் முன் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, இதை உங்கள் அடிமைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்பார். சில இடங்களில் தானே அவர்கள் கையில் கொடுத்தார்.

விருந்து சாப்பிட்டுவிட்டு இலைக்குப் பக்கத்தில் காசு வைத்துவிட்டுப் போனால் நம் வீட்டில் என்ன நடக்கும்? அதே கூச்சம்தான் அங்கேயும். உன் சோறு உன்னுடையது இல்லை என்று விருந்தாளி சொல்லாமல் சொல்கிறார். அந்தக் காசை நீட்ட எவ்வளவு தயக்கமாக இருந்தது என்று வூல்மனே எழுதியிருக்கிறார். ஆனால் பலர் கோபப்படாமல் வாங்கிக்கொண்டார்கள்.

1758: பெரிய மாமாக்கள் இறங்கிய வருடம்

இதை வூல்மன் ஒருவர் கணக்கில் எழுதுவது சரியில்லை. அந்தோனி பெனசெட் என்ற பள்ளி ஆசிரியர் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். 1755-க்குப் பிறகு பென்சில்வேனியா எல்லையில் போர் வந்தது. போர் கூடாது என்பது குவேக்கர் கொள்கை, ஆனால் சட்டசபையில் இருந்த குவேக்கர்களே போருக்கு வரி போட வேண்டிய நிலை. 1756-இல் பலர் பதவியை விட்டு விலகினார்கள். நாம் எங்கே வழி தவறினோம் என்று எல்லாரும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டிருந்த நேரம்.

அந்தச் சூழலில் 1758-இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம். காலம் கனியட்டும், கடவுள் வழி காட்டுவார் என்று சிலர் வழக்கம்போல ஒத்திப்போடப் பார்த்தார்கள். வூல்மன் எழுந்தார். ஒடுக்கப்பட்டவர்களின் அழுகை கடவுள் காதுக்கு எட்டியிருக்கிறது, நாம் சிலரின் சொந்த லாபத்துக்காகவும் நட்புக்காகவும் தாமதித்தால் அவர் பயங்கரமான வழியில் பதில் சொல்லக்கூடும் என்ற பொருளில் பேசினார்.

முடிவு இதுதான்: இனி அடிமைகளை வாங்குகிற, விற்கிற உறுப்பினரைச் சங்க நிர்வாகக் கூட்டங்களில் சேர்க்க வேண்டாம், அவர் காசையும் வாங்க வேண்டாம். ஏற்கெனவே அடிமை வைத்திருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் பேச ஒரு குழு. அதில் வூல்மனும் ஒருவர். வயதான லே இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, அடுத்த வருடம் இறந்தார்.

அடிமை வைத்திருப்பதே தப்பு, விடாவிட்டால் சங்கத்தை விட்டு நீக்கம் என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது 1776-இல்தான். ஜெர்மன்டவுன் மனுவிலிருந்து 88 வருடம். வூல்மன் அதைப் பார்க்கவில்லை. 1780-இல் பென்சில்வேனியா படிப்படியான அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது. 1787-இல் லண்டனில் அடிமை வணிகத்தை ஒழிக்கக் கூடிய 12 பேரில் 9 பேர் குவேக்கர்கள். அண்ணன் மகள் பள்ளியில் கேட்டது இந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

ஆனால் விடுதலையானவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்தார்களா என்றால், பல கூட்டங்களில் கறுப்பினத்தவருக்குத் தனி பெஞ்சு போட்டிருந்தார்கள், உறுப்பினராகச் சேர்ப்பதும் அபூர்வம். 'நீ' என்று எல்லாரையும் ஒன்றாக அழைத்த சங்கம் அது.

காடாத்துணியும் சீனியும்

வூல்மனைப் பற்றிப் பேசினால் உடனே வருவது அவர் உடை. 1761 வாக்கில் சாயம் போட்ட துணியை விட்டு, சாயம் தோய்க்காத வெளிர் உடைக்கு மாறினார். நம் ஊர்க் காடாத்துணி மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். தொப்பிகூட இயற்கை நிறத்தில். அப்போது வெள்ளைத் தொப்பி போடுவது மைனர்களின் ஃபேஷனாக இருந்ததால், இவரும் பந்தாவுக்குப் போடுகிறார் என்று சிலர் ஒதுங்கினார்கள். பாவம்.

காரணத்தை அவர் எழுதியிருக்கிறார்: சாயம் துணிக்குக் கெடுதல், அழுக்கை மறைக்கத்தான் சாயம், மறைப்பதற்குப் பதில் துவைக்கலாமே. அந்தக் காலத்து நீலச் சாயமான அவுரி கரோலினாவில் அடிமைகள் உழைப்பில் விளைந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சீனியையும் விட்டார், அது மேற்கிந்தியத் தீவு அடிமைகளின் கரும்பு. முன்பு தன் கடையில் அவரே சீனியும் ரம்மும் விற்றவர். கடை நன்றாக ஓடி, ஓட ஓட மனதைத் தின்றதால் 1756-இல் அதையே கட்டிவிட்டுத் தையலும் ஆப்பிள் நாற்றும் போதும் என்று உட்கார்ந்துவிட்டார். லாபம் வருகிறது என்பதற்காகக் கடையை மூடியவரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

சாட்டை ஒருவன் கையில் இருக்கும், வாங்குகிறவன் ஆயிரம் மைலுக்கு அப்பால் டீயில் சீனி போட்டுக் கலக்குவான், இரண்டையும் கட்டுகிற கயிறு விலை. அந்தக் கயிற்றில் தன் நுனியை விடுவது, இதுதான் அவர் செய்தது. உயில் எழுத மறுத்ததும் இதுவும் ஒரே காரியம்.

கடைசி நடை

1772 மே மாதம் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கேபினில் தேவையில்லாத செதுக்கு வேலைப்பாடு இருந்தது, அதற்கும் சேர்த்துக் காசு கொடுக்க மனமில்லாமல் மாலுமிகள் படுக்கும் அடித்தட்டிலேயே பயணம் செய்தார். ஜூன் 8 லண்டன். காடாத்துணியில் வந்து நின்ற ஆளைப் பார்த்து அங்கிருந்த பெரியவர்கள், வந்ததே போதும், நீ ஊருக்குத் திரும்பலாம் என்று நாசூக்காகச் சொன்னதாகவும், எனக்குத் தையல் தெரியும், யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன் என்று இவர் பதில் சொன்னதாகவும் சொல்வார்கள். அப்புறம் ஏற்றுக்கொண்டார்கள்.

அங்கிருந்து யார்க் நகரம்வரை நடந்தே போனார். பயணிகள் குதிரை வண்டிகள் ஒரு நாளைக்கு 100 மைலுக்கு மேல் விரட்டப்படுகின்றன, குதிரைகள் ஓடியே சாகின்றன, குதிரையில் தபால் கொண்டுபோகும் பையன்கள் குளிரில் விறைத்துச் சாகிறார்கள் என்று கேள்விப்பட்டதால் வண்டியில் ஏறவில்லை. வழியில் விலைவாசியைக் குறித்துக்கொண்டே போகிறார்: கூலியாளுக்கு நாளைக்குப் பத்து பென்ஸ், கோதுமை ஒரு புஷல் எட்டு ஷில்லிங். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட பத்து நாள் கூலி. ஒரு புஷல் என்பது சுமார் 27 கிலோ.

யார்க்கில் பெரியம்மை வந்து படுத்தார். 1772 அக்டோபர் 7-ஆம் தேதி இறந்தார், 52 வயதுகூட நிறையவில்லை. படுக்கையில் இருந்தபடியே அடக்கத்துக்கு ஏற்பாடு சொல்லியிருந்தார்: பெட்டி அலங்காரம் இல்லாத சாதா மரத்தில் இருக்கட்டும், மலிவான துணியில் சுற்றுங்கள், அந்தச் செலவுக்கு என் உடைகளை எடுத்துக்கொள்ளுங்கள், செருப்பைக் குழி வெட்டுபவருக்குக் கொடுங்கள்.